மாட்டியு தீவின் கதை: சிறு தீவுகளை மீட்டெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூசிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனின் துறைமுகத்துக்குள், பெட்டோனிக் கரைக்கு எதிரே, ஏறத்தாழ 25 ஹெக்டேர் பரப்பில் ஒரு தீவு இருக்கிறது. மாட்டியு என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரியர் வழங்கும் பெயர். சோம்ஸ் என்பது, ஆங்கிலேயக் குடியேற்றத்தை நடத்திய நியூசிலாந்து கம்பெனியின் துணை ஆளுநராக இருந்த ஜோசப் சோம்ஸ் நினைவாக ஆங்கிலேயர் இட்ட பெயர். 1997 முதல் இரண்டையும் சேர்த்து மாட்டியு/சோம்ஸ் என்றே அரசு ஆவணங்கள் குறிக்கின்றன. அழிந்த இயற்கையை ஒரு சிறு தீவில் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கு இத்தீவைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சான்று காட்டுபவர்களும், இதைப் பார்த்து வேறொரு தீவில் வேலை தொடங்க நினைப்பவர்களும் ஒரே வகைத் தவறுகளில் திரும்பத் திரும்ப விழுவதைக் காண முடிகிறது.

அவற்றுள் முதலாவது, கதையை 1981இல் தொடங்குவது. ‘காடு மற்றும் பறவைகள் பாதுகாப்புச் சங்க’த்தின் லோயர் ஹட் கிளையினர் அந்த ஆண்டில்தான் இங்கே நாற்று நடத் தொடங்கினர் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்தைய காலம் முழுவதையும் ‘மனிதர்கள் சீரழித்த காலம்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டால், அந்த நாற்றுகள் எந்த மண்ணில் நடப்பட்டன என்பதே புரியாமல் போகும். கடலோடி கூப்பே இத்தீவுக்குப் பெயரிட்டதாக மாவோரி மரபு சொல்கிறது. மாட்டியு அவருடைய மகள் என்பாரும் உண்டு, உடன்பிறந்தாரின் மகள் என்பாரும் உண்டு. அருகிலுள்ள மாகரோ தீவும் அவ்வாறே பெயர் பெற்றது. மாவோரியர் அரண் அமைத்து வாழ்ந்த இத்தீவில் 1866இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. 1872இல் ‘இங்கிலாந்து’ என்ற கப்பல் பெரியம்மையோடு துறைமுகத்துக்கு வந்தபோது, அதில் வந்தவர்கள் ஊருக்குள் விடப்படாமல் இங்கே தனிமைப்படுத்தப்பட்டனர். பிறகு வந்த பல கப்பல்களின் பயணிகளுக்கும் இதே நிலைதான். கரையைக் கண்ணால் கண்டும் காலால் மிதிக்காமல் இங்கேயே மாண்டவர்களுக்கு நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிநாட்டிலிருந்து வரும் கால்நடைகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைக்கும் நிலையமும் சேர்ந்துகொண்டது. முதல் உலகப் போரில் ஏறத்தாழ 300 ‘எதிரி நாட்டவர்’ இங்கே அடைக்கப்பட்டனர். இரண்டாம் போரிலும் அதுவே நடந்தது. 1942இல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காகத் தீவின் உச்சியையே வெட்டிச் சமன் செய்தார்கள். அந்தப் பீரங்கிகள் எந்தப் பகை விமானத்தையும் சுட நேரவில்லை.

நோயாளி, கைதி, கால்நடை என்று கரையில் இருப்பவர்கள் அஞ்சிய எல்லாவற்றையும் தள்ளிவைக்க அவர்களுக்கு ஒரு நீர்வேலி தேவைப்பட்டது. பிற்காலத்தில் பறவையையும் பல்லியையும் காக்க உதவியதும் அதே நீர்வேலிதான். காவலின் திசை மட்டும் மாறியிருக்கிறது: தீவிலிருந்து ஊருக்கு எதுவும் போய்விடக் கூடாது என்று அன்று காத்தார்கள், ஊரிலிருந்து தீவுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று இன்று காக்கிறார்கள். மீட்டெடுப்புப் பற்றிய குறிப்புகள் பலவற்றில் இந்தத் தொடர்ச்சி விடுபட்டுப் போவது வருத்தத்துக்குரியது.

விடுபடுவதால் வரும் இழப்புக்கு ஒரு சிறிய எடுத்துக்காட்டு போதும். மாட்டியுவின் வடமுனையை ஒட்டி மோகோபுனா என்றொரு பாறைத் தீவு உண்டு. தொழுநோய் என்று ஐயுறப்பட்ட கிம் லீ என்ற சீனப் பழ வணிகர் 1903இல் அங்கே தனியாகக் கொண்டுபோய் விடப்பட்டார். உணவு கம்பி வழியே அனுப்பப்பட்டது. 1904இல் அங்கேயே அவர் இறந்தார். கடற்பறவைகளின் இடம் என்று மட்டும் அந்தப் பாறையைக் குறிப்பிடுவது பொய்யாகாது என்றாலும், முழுமையும் ஆகாது.

அடுத்த தவறு, நடவையே மீட்டெடுப்பாக எண்ணிவிடுவது. கால்நடை மேய்ந்து வெறும் புல்லாகிவிட்ட சரிவில், உப்புக்காற்று ஓயாமல் அடிக்கும் இடத்தில், நிழலில் வளரும் காட்டு மரத்தின் நாற்றை நேரடியாக வைத்தால் அது கருகிப்போகும். காற்றைத் தாங்கும் கடலோரச் செடிகள் முதலில் வேரூன்ற வேண்டும். அவை மூடாக்காகப் பரவிய பிறகுதான் மென்மையான மரங்களுக்கு இடம். டவுபாட்டாவும் ஙாயோவும் அந்த முதல் வரிசையைச் சேர்ந்தவை. (ங என்ற எழுத்தில் தொடங்கும் சொல்லைத் தேடித் தவித்த தமிழாசிரியர்கள் மாவோரி மொழியைக் கண்டால் மகிழ்ந்துபோவார்கள்.) அழகாகப் பூக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுப்பதும் பரவலான பிழை. செந்நிறப் பூக்களால் புகழ்பெற்ற பொஹுட்டுகாவா நியூசிலாந்துக்கே உரியதுதான். ஆயினும் அதன் இயற்கையான இருப்பிடம் வடதீவின் வடபகுதி, வெல்லிங்டன் வட்டாரம் அன்று. ‘நாட்டு மரம்’ என்பதும் ‘இந்த இடத்து மரம்’ என்பதும் வேறு வேறு.

நடவு எத்தனை சிறப்பாக இருந்தாலும் எலி இருக்கும்வரை அது அரைவேலைதான். எலி விதையைத் தின்கிறது, முளையைக் கடிக்கிறது, முட்டையைக் குடிக்கிறது, பூச்சிகளையும் விட்டுவைப்பதில்லை. மேலே காடு பசுமையாகத் தெரிந்தாலும் கீழே அடுத்த தலைமுறை எழாது. 1980களின் இறுதியில் மாட்டியுவிலிருந்து எலிகள் முற்றாக ஒழிக்கப்பட்ட பிறகுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. இங்கே கவனிக்க வேண்டியது ‘முற்றாக’ என்ற சொல். நூற்றில் தொண்ணூற்றொன்பது எலிகளைக் கொன்றால் வெற்றி என்று கணக்கிடும் பழக்கம் வயலுக்குப் பொருந்தலாம், தீவுக்குப் பொருந்தாது. சினையான ஒரு பெண் எலி எஞ்சினாலும் செய்த வேலை வீணாகிவிடும்.

ஒழித்தாயிற்று என்று காவலைத் தளர்த்துவதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் கொடிய தவறு. 2004இல் நியூசிலாந்தின் ஹவ்ராக்கி வளைகுடாவில், ஆய்வாளர்கள் கழுத்தில் அலைபரப்பி கட்டி எலியில்லாத தீவொன்றில் வேண்டுமென்றே விட்ட ஒரே ஓர் ஆண் எலி, பதினெட்டு வாரம் பிடிபடாமல் திரிந்தது. இடையில் 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்கும் போய்விட்டது. எங்கே விட்டோம் என்று தெரிந்த எலிக்கே இந்தப் பாடு. துறைமுகத் தீவிலோ எலி நீந்தவும் வேண்டியதில்லை, படகில் வந்து இறங்கலாம். மாட்டியு 1995இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே எலியைக் கண்டால் தாக்குப்பிடிக்க முடியாத உயிரினங்களும் அங்கே விடப்பட்டன. ஆகவே படகிலிருந்து இறங்குபவர் நேராகப் பாதையில் ஏறிவிட முடியாது. ‘ஃபாரே கியோரே’, அதாவது ‘எலி வீடு’ என்று பெயரிட்ட சிறு கட்டடத்துக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பையைத் திறந்து பார்க்க வேண்டும். எலி, சுண்டெலி, எறும்பு, விதை ஆகியவற்றில் எதுவும் உள்ளே இல்லை என்று உறுதி செய்த பிறகே மறுபக்கக் கதவு. பெரும்பாலோர் பையின் பெரிய அறையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். புல்விதை ஒளிந்திருப்பதோ தண்ணீர்ப் புட்டி வைக்கும் பக்கவாட்டு வலையிலும், காற்சட்டையின் மடிப்பிலும், செருப்படியில் காய்ந்த சேற்றிலும்தான்.

உயிரினங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதைக் காட்சிசாலை நிரப்புவது போல் எண்ணுவதையும் தவிர்க்க வேண்டும். 1996இல் மானா தீவிலிருந்து பெருவேட்டா என்னும் பூச்சி இங்கே கொண்டுவரப்பட்டது. சுவர்க்கோழிக்கு உறவான, விரல் நீளம் வளரும் இப்பூச்சி, எலியின் கண்ணுக்கு ஒரு கவளம். பெருநிலத்தில் அது எப்போதோ மறைந்துவிட்டது. 1998இல் டுவாட்டரா என்னும் ஊர்வன 55 வந்தன. இவற்றைப் பல்லி என்று எழுதுவது தவறு. உருவம் பல்லியை ஒத்திருந்தாலும், பல்லி, பாம்பு வரிசையிலிருந்து பழங்காலத்திலேயே பிரிந்து, இன்று இந்த ஓரினம் மட்டுமே எஞ்சியுள்ள தனி வரிசையைச் சேர்ந்தவை அவை. வட பிரதர் என்னும் நான்கு ஹெக்டேர்ப் பாறைத் தீவிலிருந்து அவை எடுக்கப்பட்டபோது தனிச் சிற்றினமாகக் கருதப்பட்டன. பின்னர் 2009இல் வெளியான மரபணு ஆய்வு எல்லா டுவாட்டராக்களும் ஒரே இனம் என்று நிறுவியது. எனினும் இடமாற்றத்தின் காரணம் அதனால் பொய்த்துவிடவில்லை. முட்டை புதைந்திருக்கும் மண்ணின் வெப்பம் கூடினால் டுவாட்டராவில் ஆண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரியும். சின்னஞ்சிறு வட பிரதரிலோ ஏற்கெனவே ஆண்களின் எண்ணிக்கை மிஞ்சியிருந்தது. எல்லா உயிர்களையும் அந்த ஒரே பாறையில் நம்பி விட்டுவைப்பது அறிவுடைமை ஆகாது.

தீவு யாருடையது என்ற கேள்வியை ஓரமாக ஒதுக்குவதும் தவறே. 1840இல் மாவோரியரும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட வைட்டாங்கி உடன்படிக்கை மீறப்பட்டதற்கு ஈடாக 2009இல் எட்டப்பட்ட தீர்வின்படி தீவு டரனாக்கி ஃபானுயி மாவோரி மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. பொதுமக்கள் வந்துபோகும் உரிமையும் காப்பகம் என்ற நிலையும் அப்படியே தொடர்கின்றன. நாற்று நட்ட தன்னார்வலர்களின் உழைப்பைப் போற்றும் கட்டுரைகளில் இந்த உரிமையாளர்களின் பெயர் இடம்பெறாமல் போவது அரிதன்று.

கடைசியாக, அவசரம். ஐந்தாண்டுத் திட்டம், பத்தாண்டு மதிப்பீடு என்று நாம் வகுக்கும் கணக்குக்கு டுவாட்டரா கட்டுப்படுவதில்லை. பெண் டுவாட்டரா சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிடும். முட்டை பொரிய ஓராண்டுக்கும் மேலாகும். குஞ்சு இனப்பெருக்க வயதை எட்டப் பத்து முதல் இருபது ஆண்டுகள் பிடிக்கும். 1998இல் இறக்கிவிடப்பட்டவற்றுள் 37 வளர்ப்பிடத்தில் பேணப்பட்ட இளம் உயிர்கள். நூறாண்டு வரை வாழக்கூடிய அவை இப்போதுதான் நடுவயதை நெருங்குகின்றன.