ஹாத்தோர்ன் நாவலில் கோதிக் கூறுகளைக் கண்டெடுப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாத்தோர்னை எடுத்தால், கோதிக் கூறுகள், அதாவது திகிலூட்டும் கதை மரபின் அடையாளங்கள் என்று பழைய வீடு, இருட்டு, சாபம், பேய் எனப் பட்டியல் போட்டு முடித்துவிடுவதுண்டு. அந்த வீடு ஏன் பயமுறுத்துகிறது என்பதற்குப் பட்டியலில் பதில் இருக்காது. ஹாத்தோர்ன் கதைகளில் பயத்தின் வேரைத் தோண்டிப் பார்த்தால் யாரோ செய்து மறைத்த அநியாயம் ஒன்று கிடைக்கும். அதைத் தேடிப் படிப்பதற்கான வழி இது.

பாடத்திட்டங்களில் அதிகம் வருவது 1850இல் வெளியான 'தி ஸ்கார்லெட் லெட்டர்'. ஆனாலும் 1851இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' நாவலில் தொடங்குங்கள். கோதிக் கதையின் உறுப்புகள் எல்லாம் அதில் வெளிப்படையாகவே கிடைக்கின்றன. மொத்தம் 21 அத்தியாயங்கள்; ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம், போனிலேயே படிக்கலாம். முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தான் எழுதுவது நாவல் அல்ல, 'ரொமான்ஸ்' (காதல் கதை அல்ல, கற்பனைக்கு அதிக இடம் தரும் கதை) என்றும், ஒரு தலைமுறை செய்த தவறு அடுத்தடுத்த தலைமுறைகளிலும் உயிரோடிருக்கிறது என்றும் ஹாத்தோர்னே அங்கே சொல்லிவிடுகிறார்.

முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். நல்ல ஊற்று இருக்கும் மாத்யூ மாலின் மனைமீது கர்னல் பிஞ்சனுக்கு ஆசை. சூனியக்காரன் என்று மாத்யூ மாலைத் தூக்கிலிடுகிறார்கள். தூக்குமேடையில் நின்று, கடவுள் இவனுக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார் என்று பிஞ்சனைக் காட்டிச் சபிக்கிறான் மால். அதே மனையில் வீடு எழும்புகிறது. ஊற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது. வீடு திறப்பு நாளன்று தாடியில் ரத்தத்தோடு நாற்காலியில் செத்துக் கிடக்கிறார் கர்னல். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் வாசலில் மண்ணை வாரித் தூற்றுவதைப் பார்த்த ஊர்க்காரருக்கு இந்த அத்தியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்: பொருள் அல்லது இடம், அத்தியாய எண், பின்னாலுள்ள அநியாயம், அதற்குக் கதை தரும் விளக்கங்கள். நான்காவது நெடுவரிசைதான் முக்கியம். அதில் அமானுஷ்ய விளக்கம், இயல்பான விளக்கம் இரண்டும் வர வேண்டும்.

கர்னலின் உருவப்படத்தையே எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து அதை அகற்றக்கூடாது என்பது அவர் உயில். 13ஆம் அத்தியாயத்தில், ஆலிஸ் பிஞ்சனின் கதையில், படம் முகம் சுளித்ததாகவும் முஷ்டியை இறுக்கியதாகவும் ஒரு பேச்சு வருகிறது. 21ஆம் அத்தியாயத்தில் மறைவான ஸ்பிரிங்கை அழுத்தியதும் படம் கீழே விழுகிறது. பின்னாலுள்ள பொந்தில், குடும்பமே காலங்காலமாகத் தேடிய நிலப் பத்திரம் இருக்கிறது. அதற்குள் அந்தப் பத்திரம் செல்லாக்காசாகிவிட்டது. அங்கே ஒளித்தது யார்? தூக்கிலிடப்பட்ட மாலின் மகன். அந்த வீட்டைக் கட்டிய தச்சனும் அவன்தான். 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய கோதிக் நாவல் 'தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ'வில் படத்திலிருந்த உருவம் சட்டத்தைவிட்டு இறங்கி நடக்கிறது. இங்கே படம் விழுவதோடு சரி. கோதிக் மரபிலிருந்து ஹாத்தோர்ன் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதைக் காட்ட இந்த ஒப்பீடு நன்றாக உதவும்.

ரத்தம் கக்கிச் சாவது சாபமா? இருக்கலாம். அந்த வம்சத்துக்கே உரிய நோய் என்று அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் இளைஞன் ஹோல்கிரேவ் சொல்வதும் கதைக்குள்ளேயே இருக்கிறது. பலரும் சறுக்கும் இடம் இது: ஏதாவது ஒன்றைத் தேர்ந்து அதுதான் உண்மை என்று எழுதிவிடுகிறார்கள். ஹாத்தோர்ன் முடிவு கட்டாமல் விட்டதை நீங்களும் அப்படியே விடுங்கள். 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 12ஆம் அத்தியாயத்தில் வானத்தில் தெரியும் 'ஏ' எழுத்துக்கும் (கதாநாயகி தண்டனையாக அணிந்திருக்கும் எழுத்து அது), 24ஆம் அத்தியாயத்தில் பாதிரியார் டிம்ஸ்டேலின் மார்பில் பார்த்ததாகச் சொல்லப்படும் குறிக்கும் இதே முறை பொருந்தும். மார்பில் குறியே இல்லை என்று சாதிப்பவர்களும் அங்கே உண்டு.

'செவன் கேபிள்ஸ்' நாவலின் 18ஆம் அத்தியாயத்துக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். ஹாத்தோர்னின் திறமை முழுதாகத் தெரியும் பகுதி அது. கர்னல் செத்துக் கிடந்த அதே நாற்காலியில் அவர் வம்சத்தில் வந்த நீதிபதி ஜாஃப்ரி பிஞ்சன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இறந்துவிட்டார் என்று நேராகச் சொல்லிவிடாமல், எழுந்திருங்கள், விருந்துக்கு நேரமாகிறது, கவர்னர் பதவிக்கு உங்களைத்தான் நிறுத்தப்போகிறார்கள் என்று கதைசொல்லி அவரை அவசரப்படுத்திக்கொண்டே இருக்கிறார். கைக்கடிகாரம் பரவாத காலம்; கையில் பிடித்திருக்கும் கடிகாரம் சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றுபோகிறது. நடுராத்திரியில் செத்துப்போன முன்னோர்கள் வரிசையாக வந்து படத்தைப் பார்க்கிறார்கள். உடனே, இதை நிஜமென்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறார் கதைசொல்லி. விடிந்ததும் முகத்தில் ஈ ஊர்கிறது. எந்த வாக்கியத்தில் உங்களுக்கு உடல் சிலிர்த்தது என்று குறித்துவையுங்கள். பேய்கள் வரும் இடத்தைவிட ஈ வரும் இடத்தைத்தான் பலர் குறிப்பார்கள்.

தகவல் பிழைகளும் அடிக்கடி வருகின்றன. ஹாத்தோர்ன் 1804இல் பிறந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து சேலத்தில். நம் சேலத்தோடு குழம்பாதிருக்க மாநிலத்தையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தச் சேலத்தில் நடந்த 1692 சூனிய வழக்குகளில் யாரையும் எரிக்கவில்லை: 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கற்களின் பாரத்தால் நசுக்கிக் கொன்றார்கள். அந்த வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவரான ஜான் ஹாத்தோர்ன் எழுத்தாளரின் எள்ளுத்தாத்தா. தாத்தா என்று எழுதினால் நூறாண்டுக் கணக்கு இடிக்கும்.

எழுத உட்காரும்போது நோட்டிலிருந்து மூன்று வரிசைகள் போதும். ஒவ்வொன்றையும் அநியாயத்திலிருந்து தொடங்கி, பொருளுக்கு வந்து, இரண்டு விளக்கங்களோடு நிறுத்துங்கள். அந்த வீட்டு முதியவள் ஹெப்சிபா திறக்கும் சில்லறைக் கடையையும் அவள் உறவுக்கார இளம்பெண் ஃபீபியையும் ஒரு பத்தியிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சொல்லாமல் அந்த வீட்டின் இருட்டைக் காட்ட முடியாது. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால் மேற்கோள்களுக்கு அத்தியாய எண்ணையும் கொடுங்கள்.