கரிசல் மண்ணில் பூனைப்புதினா பிழைத்த விதம்

பல்லடம் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டம் கரிசல் மண். குளிர்நாடுகளில் உறைபனியையும் தாங்கி ஆண்டுதோறும் தழைக்கும், மணத்தால் பூனைகளை ஈர்க்கும் பூச்செடியான பூனைப்புதினா (catmint), இங்கே ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் சாய்ந்துவிட்டது. நோய் என்று எண்ணி மருந்து தெளித்தது என் அறியாமை. வேரைச் சுற்றித் தேங்கிய நீரே காரணம் என்பது, ஒரு செடியைப் பிடுங்கி அழுகிய வேரைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. என்னிடம் இருந்தது விதை கட்டாத கலப்பினம் என்பதால், தப்பிய கிளைகளின் நுனித்தண்டுகளை வெட்டி மணலில் வேர்பிடிக்க வைத்து, செம்மண்ணும் மணலும் பொடி ஜல்லியும் கலந்து ஓரடி உயர்த்திய மேட்டுப்பாத்தியில், சித்திரை மாதத்துப் பிற்பகல் வெயில் படாதபடி முருங்கை மரத்துக்குக் கிழக்கே நட்டேன். தொழுவுரத்தையும் குறைத்தேன், ஊட்டம் மிகுந்தால் தண்டு நீண்டு சரிந்துவிடுகிறது. பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்த்துப் பூக்கிறது. இரண்டு மழைக்காலங்களைக் கடந்துவிட்ட அச்செடியின்மேல் பக்கத்து வீட்டுப் பூனை புரள்வதைத் தடுக்கத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.