சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மாலை நடை: விளக்கு ஏற்றும் முன்பே வந்துவிடுங்கள்

சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "லைட் ஷோ எத்தனை மணிக்கு?" என்றுதான். 8 மணிக்கு. ஆனால் 8 மணிக்கு நேராக மரினா பேயில் போய் இறங்குகிறவர்கள், விளக்கெல்லாம் எரிந்து முடிந்த ஊரைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குப் போய்விடுகிறது. மாலை நேரத்தில் ஆற்றங்கரை நடைகளை நடத்தும் வழிகாட்டியாக நான் எல்லோரிடமும் மன்றாடாத குறையாகச் சொல்வது இதைத்தான்: வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றில் தொடங்குங்கள், இருட்டிய பிறகு மரினா பே விரிகுடாவில் முடியுங்கள். தண்ணீர் போகும் திசையிலேயே நீங்களும் நடந்தால் போதும்.

நேரத்தை முதலில் பார்த்துவிடுவோம். இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அதனால் வருடம் முழுக்க சூரியன் மறையும் நேரம் பெரிதாக மாறாது. நவம்பரில் ஏறக்குறைய 6.50, பிப்ரவரியில் 7.20, மற்ற மாதங்களில் இவற்றுக்கு இடையில். சூரியன் இங்கே சாய்ந்து சாய்ந்து இறங்காமல், கிட்டத்தட்ட நேராகக் கீழே போகிறது. அந்தி நேரம் சுமார் 20 நிமிடம்தான். லண்டனில் இருந்து வந்தவர்கள் "இன்னும் நேரம் இருக்கே" என்று காப்பி குடிக்க உட்கார்வார்கள். எழுந்திருக்கும்போது வானம் கறுத்திருக்கும். வானம் கருநீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கட்டடங்களின் உருவமும் தெரியும், விளக்கும் தெரியும். முழுக்க இருட்டிவிட்டால் விளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்கும். ஆகவே 6.15 அளவில் தொடங்கும் நடையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 7.30-க்குத் தொடங்குகிற நடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது.

அடுத்தது வழிகாட்டி. சிங்கப்பூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்ட, சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் படம் போட்ட அட்டையை அணிந்திருப்பார். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நாங்கள் அதை எதிர்பார்த்தே நிற்கிறோம். பதிவு செய்யும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மழை வந்தால் என்ன செய்வீர்கள். முதல் கேள்விக்கான பதிலில் எனக்கு அக்கறை அதிகம். ஆற்றோரப் பாதை சில இடங்களில் குறுகலானது. பெரிய கூட்டமாகப் போனால் பின்னால் நிற்பவருக்கு வழிகாட்டியின் குடை மட்டும்தான் தெரியும். வீட்டுப் பெரியவர்களை அழைத்து வருவதாக இருந்தால், தமிழில் சொல்கிறவர் கிடைப்பாரா என்றும் விசாரியுங்கள். பேரப்பிள்ளைகள் மொழிபெயர்த்துச் சொல்லும் நடையும், பெரியவர்களே நேரடியாகக் கேள்வி கேட்கும் நடையும் ஒன்றாகாது.

கொண்டுவர வேண்டியவை குறைவு: பழகிய செருப்பு அல்லது ஷூ, ஒரு சின்னக் குடை, தண்ணீர் பாட்டில். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். போனைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். வெளியே வந்ததும், நடை தொடங்கும் முன்பே போனைப் பையிலிருந்து எடுத்துவிட்டால், அது வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்து தானாகவே தெளிந்துவிடும்.

சரி, நடக்கலாம். கிளார்க் கீ எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, ஆற்றோரமாகக் கீழ்நோக்கி வந்து, எல்ஜின் பாலத்தின் மேல் ஏறி வடகரைக்குப் போங்கள். இப்போதிருக்கும் பாலம் 1929-இல் கட்டியது. ஆனால் ஆற்றின் மேல் முதலில் பாலம் வந்த இடமும் இதுதான். சவுத் பிரிட்ஜ் ரோடு, நார்த் பிரிட்ஜ் ரோடு என்று நீங்கள் பேருந்தில் கேட்கும் பெயர்களுக்குக் காரணம் இந்தப் பாலமே. இங்கே ரொம்ப நேரம் நிற்க வேண்டாம்.

வடகரையில், ஆங்கிலேயர்களுக்காக இங்கே துறைமுகம் அமைத்த ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை இருக்கும் இடம், அவர் 1819-இல் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் இடம். எல்லோரும் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் சிலைக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பாருங்கள். எதிரே போட் கீ என்ற பழைய படகுத்துறையின் கடைவீடுகள் வளைந்து வரிசையாக நிற்கும், அவற்றின் முதுகுக்குப் பின்னாலேயே வங்கிகளின் கோபுரங்கள். இந்த வளைவு கெண்டை மீனின் வயிறு மாதிரி இருக்கிறது, இங்கே கடை போட்டால் செல்வம் சேரும் என்று சீன வணிகர்கள் நம்பினார்கள்.

படகோட்டிகளைப் பற்றி உங்கள் வழிகாட்டி சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்தவை சிறு படகுகள். 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்தப் படகுகளைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். சூலியா என்ற பெயர் அவர்களுக்கு; போட் கீக்குப் பக்கத்திலேயே சூலியா தெரு இன்றும் இருக்கிறது. பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. 1983-இல் படகுகள் எல்லாமே பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆற்றைச் சுத்தம் செய்யும் பத்தாண்டு வேலை 1977-இல் தொடங்கி 1987-இல் முடிந்தது. அதற்கு முன்பு இந்தக் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாது என்று வயதானவர்கள் சொல்வார்கள். இப்போது சுற்றுலாப் படகுகளாக ஓடுபவை அந்தச் சரக்குப் படகுகளின் வாரிசுகள். முகப்பில் இரண்டு கண் வரைந்திருப்பதைக் கவனியுங்கள். படகு வழி பார்த்துப் போவதற்காக.

இங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம். அதன் அருகே எம்பிரஸ் பிளேஸில் இருக்கிறது டால்ஹவுசி தூண். பெரும்பாலான குழுக்கள் இதைத் தாண்டிப் போய்விடும். தயவுசெய்து நில்லுங்கள். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே வரச் சொல்வதற்கு இந்தத் தூணும் ஒரு காரணம்: எழுத்தைப் படிக்க வேண்டும். 1850-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் டால்ஹவுசி பிரபு இங்கே வந்து போனதன் நினைவாக வைத்தது. அப்போது சிங்கப்பூரின் நிர்வாகம் கல்கத்தாவிலிருந்துதான் நடந்தது. வாணிகத்துக்குத் தடை போடக் கூடாது என்பதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று கல்வெட்டு சொல்கிறது. நான்கு பக்கம், நான்கு மொழி: ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், அப்புறம் தமிழ்.

நான் குழுவிடம் எதுவும் சொல்லாமல் அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கு அழைத்துப் போய் நிறுத்துவேன். காரைக்குடிப் பக்கத்திலிருந்து மகனுடன் வந்த ஓர் ஆச்சி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலை எழுத்தின் மேல் வைக்காமல் ஓர் அங்குலம் தள்ளியே நகர்த்தி நகர்த்திப் படித்தார். பிறகு மகனைத் திரும்பிப் பார்த்து, "எங்க ஐயா கொண்டுவிக்க வந்தப்ப இதப் படிச்சிருப்பாகல்ல?" என்றார். மகனுக்குப் பதில் சொல்ல வரவில்லை. எனக்கும்தான். படித்திருக்கலாம் ஆச்சி, செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் தெரு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நடந்து வரும் தூரம்தான் என்று மட்டும் சொன்னேன். அருங்காட்சியகத்தின் ஆற்றோரத்தில் செட்டியாரையும் இன்றைய நிதித்துறையினரையும் ஒரே தொகுப்பாக வடித்த வெண்கலச் சிலை இருக்கிறது. ஆச்சி அங்கேதான் படம் எடுத்துக்கொண்டார். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை முன்னால் எடுக்கவில்லை.

இதற்குள் சூரியன் மறையும் நேரம் ஆகியிருக்கும். இப்போது கேவனா பாலத்தில் ஏறுங்கள். 1869-இல் முடிந்த பாலம். இரும்புப் பாகங்கள் கிளாஸ்கோவில் செய்து கப்பலில் வந்தவை. 1910-இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் வந்ததும் வண்டிகள் அங்கே போய்விட்டன, இது நடப்பவர்களுக்கானது ஆகிவிட்டது. மாடு, குதிரை வரக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. பாலத்தின் நடுவில் போய் நின்றுகொள்ளுங்கள். அந்தியின் அந்த 20 நிமிடத்தையும் இங்கேயே செலவு செய்யுங்கள் என்பேன். இடப்பக்கம் அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவர், வலப்பக்கம் புல்லர்டன் கட்டடத்தின் தூண் வரிசை. முதலில் பாலத்தின் விளக்குகள், பிறகு புல்லர்டனின் தூண்களுக்குக் கீழிருந்து வரும் மஞ்சள் வெளிச்சம், அதற்கப்புறம் பின்னால் உள்ள கோபுரங்களின் மாடிகள் என்று ஒவ்வொன்றாக ஒளி கூடிக்கொண்டே வரும். வரிசை ஒருநாள் போல ஒருநாள் இருக்காது. யாரோ ஒருவர் மாடியில் வேலை முடித்து விளக்கை அணைப்பதும் அதில் சேர்த்தி.

தண்ணீரையும் பாருங்கள். விளக்குகளின் பிம்பம் இங்கே இவ்வளவு அழகாக விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2008-இல் விரிகுடாவின் வாயில் மரினா அணை கட்டப்பட்ட பிறகு கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வருவதில்லை. ஆறும் விரிகுடாவும் சேர்ந்து நன்னீர்த் தேக்கமாகிவிட்டன. காற்று ஓய்ந்தால் தண்ணீரும் ஓய்ந்துவிடும். சுற்றுலாப் படகு ஒன்று போனால் பிம்பங்கள் நீளக் கோடுகளாக உடைந்து, மெல்ல மெல்லக் கூடிவரும். படம் எடுப்பவர்கள் படகு போன பிறகு ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். கையில் பிடித்து எடுக்காமல், பாலத்தின் கைப்பிடியில் போனை ஊன்றி எடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதையும் பார்க்கலாம். கிட்டே போகாதீர்கள், தீனி போடாதீர்கள்.

பாலம் இறங்கியதும், ஆற்றுக்குள் குதிக்கப்போகும் ஐந்து சிறுவர்களின் வெண்கலச் சிலை. குழந்தைகளுக்குப் பிடிக்கும். புல்லர்டன் 1928-இல் திறந்தது. தலைமை அஞ்சலகம் இங்கேதான் இருந்தது, 2001 முதல் ஹோட்டல். அதன் கூரையில் 1958 முதல் ஒரு கலங்கரை விளக்கமும் இருந்தது. எழுபதுகளில் கடலைத் தூர்த்து உயர்ந்த கட்டடங்கள் எழும்பியதும் கப்பல்களுக்கு அது தெரியாமல் போனது. இவ்வளவு விளக்குகளுக்கு நடுவே, கப்பலுக்காக எரிந்த அந்த ஒரு விளக்கை நினைத்துக்கொண்டு ஒரு தடவை கூரையை நிமிர்ந்து பாருங்கள்.

சுரங்க வழியாகச் சாலையைக் கடந்தால் மெர்லயன் பூங்கா. கூட்டம் இருக்கும். சிலை 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை, 1972-இல் ஆற்றின் முகத்தில் வைத்தார்கள். எஸ்பிளனேட் பாலம் முன்னால் வந்து மறைத்ததால், 2002-இல் 120 மீட்டர் நகர்த்தி இங்கே கொண்டுவந்தார்கள். ஐந்து நிமிடம் போதும். முன்னால் முண்டியடிப்பதைவிட, பக்கத்தில் உள்ள ஜூபிலி பாலத்தில் ஏறி நின்று பார்த்தால் சிங்கத்தின் முகமும், பீய்ச்சும் தண்ணீரும், எதிர்க்கரையின் மூன்று கோபுர ஹோட்டலான மரினா பே சேண்ட்ஸும் ஒன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஸ்பெக்ட்ரா என்ற நீரும் ஒளியும் சேர்ந்த 15 நிமிடக் காட்சி தினமும் 8 மணிக்கும் 9 மணிக்கும். வெள்ளி, சனி இரவுகளில் 10 மணிக்கும் உண்டு. கட்டணம் கிடையாது. நேரம் மாறக்கூடும் என்பதால் அன்று காலையே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 8 மணிக் காட்சியை இந்தக் கரையிலிருந்து தூரமாகப் பாருங்கள்: கோபுரங்களின் உச்சியிலிருந்து புறப்படும் ஒளிக்கற்றைகள் முழுசாகத் தெரிவது இங்கிருந்துதான். பிறகு எஸ்பிளனேட் கலையரங்கு வழியாகச் சுற்றிக்கொண்டு ஹீலிக்ஸ் பாலத்துக்கு வாருங்கள். 280 மீட்டர் நீளம், மரபணுவின் முறுக்கு ஏணி வடிவம், 2010-இல் முழுமையாகத் திறந்தது. தரையில் சிவப்பிலும் பச்சையிலும் ஜோடி ஜோடியாக ஒளிரும் எழுத்துகளைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். டிஎன்ஏவின் நான்கு காரங்களுக்கான எழுத்துகள் அவை. 9 மணிக் காட்சியை மரினா பே சேண்ட்ஸின் முன்னால் உள்ள படிக்கட்டில் உட்கார்ந்து, கிட்டேயிருந்து பாருங்கள். அங்கே சாரல் முகத்தில் தெறிக்கும். இரண்டையும் பார்த்தவர்களில் பெரியவர்கள் பெரும்பாலும் தூரக் காட்சியைச் சொல்வார்கள், குழந்தைகள் சாரலை.

கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை தி பே) செயற்கை ராட்சத மரங்களையும் அதே இரவில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். அங்கே ஒளிக்காட்சி 7.45-க்கும் 8.45-க்கும். அதற்காக ஓடினால் கேவனா பாலத்தில் நிற்கும் நேரம்தான் பறிபோகும். இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த நடையும் 3 கிலோமீட்டர் அளவு, நின்று நின்று போனால் மூன்று மணி நேரம். பாதை பெரும்பாலும் சமதளம், சரிவுப் பாதைகளும் உண்டு. சக்கர நாற்காலியில் வருவதை முன்கூட்டியே சொன்னால் வழிகாட்டி படிக்கட்டைத் தவிர்த்து அழைத்துப் போவார். முட்டி வலி உள்ளவர்கள் கிளார்க் கீயிலிருந்து படகில் வந்து, மற்றவர்களை வழியில் சந்திக்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை அடிக்கடி வரும். இடி இடித்தால் பாலத்தில் நிற்காமல் எஸ்பிளனேடுக்குள்ளோ கடைத்தொகுதிக்குள்ளோ போய்விடுங்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் மது அருந்துவது சட்டப்படி குற்றம், குப்பை போட்டால் அபராதம். டிப்ஸ் இங்கே கட்டாயமில்லை. நடை பிடித்திருந்தால் வழிகாட்டியின் பெயரைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு இரண்டு வரி எழுதினால் அவருக்கு அடுத்த குழு கிடைக்கும்.

திரும்புவதற்கு பேஃபிரண்ட் எம்ஆர்டி, மரினா பே சேண்ட்ஸ் கடைத்தொகுதிக்குக் கீழேயே இருக்கிறது. 9 மணிக் காட்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மின்படிக்கு ஓடுவார்கள். கால் மணி நேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருங்கள், ரயில் நள்ளிரவை ஒட்டிய நேரம் வரைக்கும் ஓடும்.