சுவான்ஜோ நகரத்தை ஒரே நாளில் பார்க்க: நமக்கென்று தனி வழிகாட்டி வைத்துக்கொள்வது எப்படி

எங்கள் காப்பார் பட்டணத்தில் இப்போது சீனா போய்வராத குடும்பம் குறைவு. 2025 ஜூலை 17 முதல் மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா இல்லாமலே 30 நாள் வரை தங்கலாம் என்று ஆனபிறகு, தீபாவளி விடுமுறைக்குப் பெய்ஜிங், பள்ளி விடுமுறைக்கு ஷாங்காய் என்று கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் தமிழர்களாகிய நாம் சீனாவில் ஓர் ஊரை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் அது சுவான்ஜோவாக இருக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்படிப் போவது, யாரைப் பிடிப்பது என்று அடுத்தடுத்து மூன்று குடும்பங்கள் கேட்டுவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

நான் இரண்டு முறை போனேன். முதல் முறை 30 பேர் கொண்ட பேருந்துக் குழுவோடு. கையுவான் கோயிலில் 40 நிமிடம் விட்டார்கள், முன்வாசலில் படம் எடுத்தோம், ஊதுவத்தி வைத்தோம், அப்புறம் ஒரு தேயிலைக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் புரட்டும்போதுதான் தெரிந்தது, நாங்கள் நின்ற அதே மண்டபத்தின் பின்பக்கத்தில் நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய தூண்கள் இருக்கின்றன, முன்பக்க மேடையின் அடியிலேயே நம் கோயில் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன என்று. அவ்வளவு பக்கத்தில் போயும் பார்க்காமல் வந்தது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை அம்மா, தங்கை குடும்பம் எல்லாம் சேர்ந்து ஆறு பேர், ஒரு வேன், ஒரு வழிகாட்டி, ஒரு முழு நாள். அந்த நாளை எப்படி அமைத்தோமோ அதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் பெயர். சுவான்ஜோ வேறு, குவாங்ஜோ வேறு. குவாங்ஜோ பெரிய வணிக நகரம், துணி வாங்கவும் சாமான் எடுக்கவும் நம் ஆட்கள் போகிற இடம், அது குவாங்டோங் மாநிலத்தில் இருக்கிறது. சுவான்ஜோ ஃபூஜியன் மாநிலத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில். டிக்கெட் போடும்போது விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள், சுவான்ஜோவுக்கு ஜே.ஜே.என். நேரடி விமானம் வசதிப்படாவிட்டால் சியாமென் போய் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். நம் பக்கத்து ஹொக்கியன் சீனர்களிடம் கேட்டால் அவர்களுக்கு இந்த ஊர் நன்றாகத் தெரியும், கிள்ளான் வட்டாரத்தில் இருக்கிற பலருடைய தாத்தா பாட்டி கப்பல் ஏறியது சுவான்ஜோ பக்கத்திலிருந்துதான். எங்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் தவுக்கே நான் போகிறேன் என்றதும் தன் தாத்தாவின் ஊர்ப் பெயரை ஒரு தாளில் சீன எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நாம் குடிக்கும் தேநீரில் உள்ள 'தே' கூட அவர்கள் பேச்சிலிருந்து கப்பலேறி வந்த சொல்தான்.

வழிகாட்டியைப் பிடிப்பதில் ஒரே ஒரு விதி, நாள் முழுக்க என்ன பார்க்கப்போகிறோம் என்பதை நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் விட்டால் வழக்கமான பட்டியல்தான் வரும், அதில் நம் கற்கள் இருக்காது அல்லது போகிறபோக்கில் விரல் நீட்டிக் காட்டுவதோடு முடிந்துவிடும். இணையத்தில் பயணத் தளங்களில் 'தனிப்பட்ட ஒருநாள் சுற்றுலா' என்று போட்டிருப்பவர்களில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே செய்தியை அனுப்புங்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "நாங்கள் ஆறு பேர், ஒருவருக்கு 74 வயது, இரண்டு பேர் சைவம். காலை 8 மணிக்கு விடுதியில் கிளம்ப வேண்டும். கடைகளுக்குப் போக வேண்டாம். கையுவான் கோயிலில் பெரிய மண்டபத்தின் பின்பக்கத்து இந்துத் தூண்களையும் முன்மேடைச் சிற்பங்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடல்சார் அருங்காட்சியகத்தில் இந்துக் கற்கள் உள்ள பகுதிக்கு ஒரு மணி நேரம் வேண்டும். தமிழ்க் கல்வெட்டைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஒருவர் "எல்லாம் காட்டுகிறேன்" என்று மட்டும் எழுதினார், இன்னொருவர் எந்தத் தூணில் எந்தக் கதை என்று படத்தோடு அனுப்பினார். இரண்டாமவரைத்தான் அமர்த்தினோம்.

விலை கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காதீர்கள். வேன், ஓட்டுநர், சாலைக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், வழிகாட்டியின் மதிய உணவு இதில் அடங்குமா, எத்தனை மணி நேரம், அதைத் தாண்டினால் ஒரு மணிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். 'கடைக்குப் போகமாட்டோம்' என்பதும் எழுத்தில் இருக்கட்டும், மாண்டரினில் 'வூ கோவூ' என்பார்கள். வழிகாட்டி உரிமம் இருக்கிறதா என்றும் கேட்கலாம், சீனாவில் அது கைப்பேசியிலேயே காட்டும் மின் அட்டை, தயங்காமல் காட்டுவார்கள். ஆங்கிலம் பேசும் வழிகாட்டிக்குக் கட்டணம் கூடுதல். உங்கள் பிள்ளை சீனப் பள்ளியில் படித்திருந்தால் மாண்டரின் வழிகாட்டியே போதும். எங்களுக்குத் தங்கை மகள்தான் மொழிபெயர்ப்பு, ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளை, நரசிம்மர் கதையைச் சீனத்தில் வழிகாட்டிக்கே சொல்லிக் கொடுத்தாள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். திங்கட்கிழமை வேண்டாம், சீனாவில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அன்று மூடியிருக்கும். அக்டோபர் முதல் வாரம், மே முதல் நாளை ஒட்டிய விடுமுறை, சீனப் புத்தாண்டு மூன்றும் வேண்டவே வேண்டாம், ஊரே தெருவில் நிற்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். நாங்கள் நவம்பரில் போனோம், கேமரன் மலை போல இதமாக இருந்தது. கடப்பிதழை விடுதியில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், பல இடங்களில் நுழைய அதுதான் அடையாளம். பணத்துக்கு அலிபேயில் நம் வங்கி அட்டையை இங்கேயே இணைத்துவிட்டுப் போங்கள், டச் அன் கோ மின்பணப்பையும் அலிபே குறியீடு உள்ள கடைகளில் வேலை செய்கிறது. வாட்ஸ்அப், கூகள் அங்குள்ள இணையத்தில் திறக்காது, அதனால் இங்கிருந்தே ரோமிங் எடுத்துக்கொண்டு போவது நிம்மதி. நேரம் நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதான், கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

சரி, இனி அந்த நாள்.

காலையில் முதல் இடம் கையுவான் கோயில், 8 மணிக்கே போய்விடுங்கள். 686-ஆம் ஆண்டில் தொடங்கிய பௌத்தக் கோயில் இது. முசுக்கட்டைத் தோட்டத்துக்காரர் ஒருவரிடம் துறவி நிலம் கேட்டாராம், மரத்தில் தாமரை பூத்தால் தருகிறேன் என்றாராம், பூத்ததாம். உள்ளே போனதும் எல்லாரும் நேரே மண்டபப் படியேறிவிடுவார்கள். நீங்கள் ஏறாமல் கீழேயே நின்று மேடையின் அடிப்பகுதியைப் பாருங்கள், சிங்க உடலும் மனித முகமுமாக 70-க்கும் மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள் சுற்றிவர இருக்கும். அப்படியே மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். பின் தாழ்வாரத்தில் பதினாறு பட்டை கொண்ட இரண்டு கல்தூண்கள். இரணியன் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர், உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணன், கோபியரின் துணியோடு மரத்தில் இருக்கும் கண்ணன், முதலையிடம் சிக்கிய யானை. அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் தோட்டத்துக் கோயிலில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர், பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. வழிகாட்டி வாயைத் திறப்பதற்கு முன் ஒவ்வொன்றாகத் தொடாமல் விரல் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

இந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்காகச் செய்தவை அல்ல என்பதை வழிகாட்டியிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 13-ஆம் நூற்றாண்டில், மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் ஆண்ட காலத்தில், இங்கே குடியிருந்த தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் கட்டினார்கள். மங்கோலிய ஆட்சியின் கடைசிக் காலக் கலவரங்களோடு அந்தச் சமூகமும் கோயிலும் அழிந்தன, பிறகு மிங் காலத்தில் கையுவானைப் பழுதுபார்த்தபோது கிடைத்த கற்களை எடுத்து இங்கே பொருத்தினார்கள். அந்தச் சிவன் கோயிலுக்குச் சாட்சியாகத்தான் 1956-இல் தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இந்த ஊரில் கிடைத்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது 1281. சம்பந்தப்பெருமாள் என்பவர் கானின் நலனுக்காகத் திருக்கதலீச்சுரம் உடைய நாயினாரை எழுந்தருளச் செய்ததாகத் தமிழில் வெட்டியிருக்கிறது. சித்திரை மாதத்தைச் சித்திரை என்றே எழுதியிருக்கிறார்கள், அங்கே, கடலுக்கு அப்பால். நாகப்பட்டினத்தில் ஏறி, நம் கடாரத்துக் (கெடா) கரையில் காற்று மாறும்வரை காத்திருந்து, மறுபடி பாயை விரித்தவர்களாக இருக்கலாம் அவர்கள்.

அதே வளாகத்தில் இரண்டு கல் கோபுரங்கள் இருக்கின்றன, கிழக்கே இருப்பது ஏறக்குறைய 48 மீட்டர், மேற்கே இருப்பது 44 மீட்டர், இரண்டும் 13-ஆம் நூற்றாண்டு. மேற்குக் கோபுரத்தில் கையில் வாள் பிடித்த குரங்கு ஒன்று செதுக்கியிருக்கும், நம் அனுமனோடு அதைச் சேர்த்துப் பேசும் ஆய்வாளர்கள் உண்டு, வழிகாட்டியிடம் கேட்டால் எந்தப் பக்கம் என்று காட்டுவார். பழைய கப்பல் வைத்திருக்கும் கூடத்தையும் தவறவிடாதீர்கள். 1974-இல் சுவான்ஜோ விரிகுடாச் சேற்றிலிருந்து எடுத்த சொங் காலத்து மரக்கப்பல், உள்ளே 13 தனித்தனி அறைகள், ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும். உள்ளே இருந்த சரக்கில் வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன. கோயிலுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், குறைக்காதீர்கள்.

அடுத்தது சிங்ஜிங் பள்ளிவாசல். 1009-இல் கட்டி 1310-இல் புதுப்பித்தது, தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, கல்வாசல் அழகு. பக்கத்திலேயே குவான்தி கோயில், புகை மண்டிக் கூட்டமாக இருக்கும். அரபு வணிகர் பள்ளிவாசலும் சீனத் தெய்வத்தின் கோயிலும் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்தால் கிள்ளான் நினைவு வரும். இங்கே ஒரு மணி நேரம் போதும்.

சாப்பாடு விஷயத்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனம். இந்த ஊரின் புகழ்பெற்ற மீ சுவா கூழிலும் சிப்பி அப்பத்திலும் சைவத்துக்கு இடமில்லை. ஹொக்கியனில் 'சியா சாய்' என்று சொன்னால் வயதானவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள், நம்மூர்ச் சீனர்கள் சைவ நாளில் சொல்லும் அதே சொல். சைவக் கடை ஒன்றை முதல்நாளே சொல்லிவைக்கும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். நிலக்கடலை இனிப்புக் கஞ்சியை மட்டும் குடித்துப் பாருங்கள்.

மதியம் கடல்சார் அருங்காட்சியகம். 1959-இல் தொடங்கியது, மதக் கற்கள் உள்ள பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள், மற்ற அறைகளைப் பிறகு பார்க்கலாம். அரபு எழுத்துள்ள கல்லறைக் கற்கள், தாமரைமேல் சிலுவை வைத்த கிறித்தவக் கற்கள், அவற்றோடு நான்கு கைகளுடன் நிற்கும் திருமால், லிங்கத்துக்கு யானை பூசை செய்யும் சிற்பம். திருவானைக்கா கதை தெரிந்த யாரும் அந்த யானைக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிடுவார்கள். கல்வெட்டையோ குறிப்பிட்ட ஒரு சிலையையோ பார்க்கவே போகிறீர்கள் என்றால், அது அன்று எங்கே காட்சியில் இருக்கிறது என்று வழிகாட்டியை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். தமிழுக்குச் சீனத்தில் 'தைமிஅர்' என்று பெயர், அதைச் சொன்னால் அங்குள்ள ஊழியர்களுக்கும் விளங்கும்.

வெளியே வரும்போது மரங்களைப் பாருங்கள். இந்த ஊரை அரபியர் 'சைத்தூன்' என்றார்கள், மார்க்கோ போலோவும் அப்படித்தான் எழுதினார், அது 'சித்தோங்' என்ற மரப்பெயரிலிருந்து வந்தது. சித்தோங் என்பது நம் கல்யாண முருங்கை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நட்டார்களே, மலாய்க்காரர் 'டடாப்' என்பார்களே, அந்த இனம்தான். அம்மா இலையைப் பார்த்தே சொல்லிவிட்டார்கள்.

சிங்யுவான் மலை, சுன்பூ கிராமத்துப் பெண்களின் பூக்கொண்டை எல்லாம் அழகானவைதான், ஆனால் ஒரே நாளில் அடைக்க வேண்டாம், வயதானவர்கள் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

கடைசியாக லோயாங் பாலம். 1053 முதல் 1059 வரை கட்டிய கல்பாலம், 700 மீட்டருக்கு மேல் நீளம், கடல் ஏறி இறங்கும் கழிமுகத்தின் குறுக்கே. தூண்களின் அடிக்கற்கள் அலையில் நகராமல் இருக்க அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்து, சிப்பி ஓடுகளாலேயே கற்களை ஒட்டவைத்தார்கள். அது தெரிய வேண்டுமென்றால் தண்ணீர் வடிந்திருக்க வேண்டும், அதனால் அன்றைய வற்று நேரத்தை வழிகாட்டியிடம் முதல்நாளே கேட்டு, நேரம் ஒத்துவராவிட்டால் அருங்காட்சியகத்தையும் பாலத்தையும் முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அருங்காட்சியகம் மூடும் நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான். பலகைக் கற்கள் மேடுபள்ளமாக இருக்கும், பிடிப்புள்ள காலணி போடுங்கள், அம்மா பாதி தூரம் நடந்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார்கள், நாங்கள் மறுகரை தொட்டுத் திரும்பினோம். நகரத்துக்கு வேனில் திரும்ப நேரம் பிடிக்கும், ஒப்பந்த மணிக்கணக்கில் அதையும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள்.