இரும்புக் கருவிகளில் துருவை நீக்குவதும் மீண்டும் வராமல் காப்பதும்

துருப்பிடித்த கருவியைக் கையில் எடுத்தவுடன் உப்புத்தாளைத் தேடுவது பெரும்பாலோரின் வழக்கம். அதற்கு முன்னால் அந்தப் பழுப்புப் படிவு எவ்வாறு உண்டாகிறது என்பதை விளங்கிக்கொண்டால், எந்தத் துருவை அமிலத்தில் ஊறவைக்கலாம், எதற்கு மின்சாரம் வேண்டும், எதைத் தொடாமலே விட்டுவிடலாம் என்பதைத் தாமே முடிவுசெய்ய முடியும்.

இரும்பின் மேல் ஒரு நீர்த்துளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். காற்று எளிதில் எட்டாத துளியின் நடுப்பகுதியில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகத் துளியின் ஓரத்துக்குச் சென்று, அங்கே கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனிகளாக மாற்றுகின்றன. இருவகை அயனிகளும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் இரும்பு ஹைட்ராக்சைடு மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து துருவாகப் படிகிறது. ஆகவே துரு படியும் இடமும் உலோகம் அரிக்கப்படும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. படிவைச் சுரண்டியபின் எதிர்பாராத இடத்தில் குழி தென்படுவது இதனால்தான். உப்பு கலந்த நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய்வதோடு, குளோரைடு அயனிகள் காப்புப் படலங்களையும் சிதைப்பதால், கடற்கரையில் இரும்பு விரைவாக அழிகிறது.

எல்லா ஆக்சைடும் பகையன்று. அலுமினியத்தின் மேல் தானாக உருவாகும் ஆக்சைடுப் படலம் சில நானோமீட்டர் தடிமனே உடையது. ஆனால் இடைவெளியின்றி ஒட்டியிருப்பதால் அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதும் இவ்வாறே. இரும்பின் துருவோ, தான் உண்டான உலோகத்தைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, நுண்துளைகளோடு செதில் செதிலாக உதிர்வதால், ஈரமும் காற்றும் உள்ளே செல்ல வழிவிடுகிறது. செம்பின் மேல் நீண்டகாலம் படிந்த பச்சைப் படலத்தையும் அலுமினியத்தின் மங்கலையும் அழகுக்காக அன்றி வேறு காரணத்துக்காகத் தேய்த்து எடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. வெள்ளி கறுப்பது ஆக்சைடினால் அன்று, கந்தகத்தினால். அதற்கு இங்கே சொல்லும் முறைகள் பொருந்தா.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கருவியைச் சோப்பு நீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுங்கள். பிசுக்கு இருந்தால் அமிலமும், பின்னர் சொல்லும் மின்பகுப்புக் கரைசலும் உலோகத்தைத் தொடாது. மரக் கைப்பிடியும் பிற உலோகப் பாகங்களும் கழலுமானால் கழற்றிவிடுங்கள். துத்தநாகம் பூசிய பொருளை அமிலத்தில் போட்டால் துருவுக்கு முன்னால் பூச்சு கரைந்துவிடும். உதிரும் செதில்களைக் கம்பித் தூரிகையால் தட்டி எடுத்தபின் மிஞ்சுவது மெல்லிய படலமாக இருந்தால், எஃகுக் கம்பளியும் சிறிது எண்ணெயுமே போதும்.

அதற்கு மேற்பட்ட துருவுக்கு எளிய வழி மென்மையான அமிலம். ஏறக்குறைய 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் உள்ள வினிகரையோ, ஒரு லிட்டர் நீரில் 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த கரைசலையோ பயன்படுத்தலாம். நான் சிட்ரிக் அமிலத்தையே விரும்புவேன். அது இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு கரைசலிலேயே வைத்திருக்கிறது, வாடையும் இல்லை. கருவி முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் நீர்மட்டக் கோட்டில் அரிப்புத் தடம் விழும். சில மணிநேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், ஏனெனில் துரு தீர்ந்தபின் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி உலோகத்துக்குள் புகுந்து, கடினப்படுத்திய எஃகையும் வில்சுருள்களையும் நொறுங்கும் தன்மை உடையதாக்கக்கூடும் என்பதால், பாரம் தாங்கும் அத்தகைய பாகங்களை ஊறவைக்காமல் விடுவதே நல்லது. எந்த அமிலத்தையும் சலவைக்கான குளோரின் வெளுப்பானோடு கலக்கக் கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

நுணுக்கமான பொருளுக்கும் ஆழ்ந்த துருவுக்கும் மின்பகுப்பு முறை, அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்குவது, சிறந்தது. இதில் நல்ல இரும்பு அரிக்கப்படுவதில்லை. மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து, கருவியை 12 வோல்ட் நேர்த்திசை (DC) மின்வழங்கியின் எதிர்முனையோடும் (−), வேண்டாத ஓர் இரும்புத் துண்டை நேர்முனையோடும் (+) இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி மூழ்கவையுங்கள். முனைகள் மாறிவிட்டால் கருவிதான் கரையும். ஆகவே மின்சாரத்தைத் திறக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கருவியிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் எழும். எலக்ட்ரான்களைப் பெறும் துரு ஒடுக்கமடைந்து கறுத்துத் தளர, தூரிகைக்கு எளிதில் வந்துவிடும். நேர்முனையை நோக்கிய பக்கமே விரைவாகத் தூய்மையாகும் என்பதால் இடையில் மின்சாரத்தை நிறுத்திக் கருவியைத் திருப்பிவையுங்கள்.

இங்கே மூன்று தவறுகள் ஆபத்தானவை. சோடாவுக்குப் பதிலாகச் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு உண்டாகலாம். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை வைத்தால் அதிலுள்ள குரோமியம் ஆறிணைதிறக் குரோமியம் என்னும் நச்சுத்தன்மை மிக்க வடிவில் கரைசலில் சேரும். வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது; எனவே திறந்த வெளியில், தீயோ தீப்பொறியோ அருகில் இல்லாமல் செய்யுங்கள், மின்சாரத்தை நிறுத்தியபின்னரே இணைப்புகளைக் கழற்றுங்கள். இழந்த இரும்பு எந்த முறையிலும் திரும்பி வராது. குழிகள் குழிகளாகவே நிற்கும்.

துரு நீங்கிய இரும்பு முன்னைவிடப் பாதுகாப்பற்றது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களிலேயே மெல்லிய செம்படலம் படரத் தொடங்கும். அமிலத்தில் ஊறிய கருவியைச் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, பின் நல்ல நீரில் கழுவி, துணியால் துடைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலோ வெயிலிலோ அன்றி உலர்ந்த வெப்பக் காற்றில் காயவைத்து, சூடு ஆறுமுன்னரே எண்ணெயோ மெழுகோ பூசிவிடுங்கள். அடிக்கடி எடுக்கும் கருவிக்கு மெல்லிய இயந்திர எண்ணெய் பொருந்தும். நெடுநாள் கிடப்பில் வைப்பதற்கு மெழுகுப் பூச்சு நீடித்து நிற்கும். பெயின்ட் அடிப்பதானால் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு நல்லது, ஏனென்றால் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் முதலில் ஆக்சிஜனேற்றம் அடைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயப் பூச்சு இதற்கு நேர்மாறு. கீறல் விழுந்த இடத்தில் இரும்பின் அரிப்பை அது விரைவுபடுத்தும்.

தன்னைக் கொடுத்து மற்றதைக் காக்கும் இந்த உத்தியை 1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி கப்பல்களின் அடிப்புறச் செப்புத் தகடுகளில் செய்துகாட்டினார். இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்ததும் செம்பின் அரிப்பு நின்றது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சு இல்லாமல் போனதால் கடலுயிரிகள் தகட்டில் ஒட்டி வளர்ந்து கப்பல்களின் வேகத்தைக் குறைத்தன. வேதியியல் முழு வெற்றி, கப்பலோட்டிகளுக்குத் தலைவலி.

கருவிகளை வைக்கும் இடத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் துருப்பிடிப்பது பெரிதும் குறையும். மூடிய பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவை ஈரமேறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். இரும்போடு செம்பு தொட்டுக்கொண்டிருக்கும்படி வைக்காதீர்கள். ஈரம் சேர்ந்தால் அந்த இணையே ஒரு மின்கலமாகி இரும்பைத் தின்னும்.

மரக் கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் கந்தல் துணியைச் சுருட்டிப் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய் காய்வதே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான். சுருட்டிய துணிக்குள் வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியைத் திறந்த வெளியில் ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள். உடனே எறிவதானால் நீர் நிரப்பிய, மூடியுள்ள உலோகக் கலத்தில் அமிழ்த்திவையுங்கள்.