ஒற்றை முன் டயரும் மற்ற வம்புகளும்: ஃபோர்க்லிஃப்ட் டயர் மாற்றுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மாதவரத்தில் ஒரு குடோனுக்குப் போயிருந்தேன். ஃபோர்க்லிஃப்டின் (சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டி) இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பையன்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். சாலிட் டயர், அதாவது காற்றே இல்லாத முழு ரப்பர், ஓரமெல்லாம் பிய்ந்து துண்டு துண்டாகத் தொங்கியது. "அண்ணே, இது ஒண்ணுதான் போச்சு. இதை மட்டும் பிரஸ்ல ஏத்திக் குடுங்க. வலது டயர் இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்றான் பெரியவன். அம்பத்தூரில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இதே வார்த்தையை, இதே நம்பிக்கையோடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கீழே வருகிறது.

ஜாக்கிக்குக் கீழே கட்டை வைக்க மறப்பது, நட்டைக் கோணலாக ஏற்றுவது இதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் அதெல்லாம் தானாகவே வந்துவிடும்.

என்ன டயர் என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பது

காத்து டயரும் சாலிட் டயரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் இரண்டும் ஒரே டிஸ்கில்தான் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) உட்காரும். முதலில் வால்வைத் தேடுங்கள். ஓட்டை இருந்து வால்வு இல்லாவிட்டால் அது சாலிட். லிவரோடு மல்லுக்கட்டாமல் பிரஸ்ஸுக்கு, அதாவது டயரை அழுத்தி ஏற்றி இறக்கும் மெஷினுக்குக் கொண்டுபோங்கள். வால்வு இருந்தால் உள்ளே டியூபும், டியூபை டிஸ்க் உரசாமல் காக்கும் ஃபிளாப்பும் இருக்கும். டிஸ்க், டயரைப் பிடிக்கும் லாக் ரிங் வைத்ததாகவோ இரண்டு பாதியாகவோ இருக்கும். காற்றை இறக்கிவிட்டு அதைக் கையாலேயே பிரிக்கலாம். மூன்றாவது வகை பேண்ட் டயர்: இரும்பு வளையத்தின் மேல் ரப்பர் ஒட்டி வரும், சக்கரத்தின் மேல் அப்படியே அழுத்தி ஏற்றியிருப்பார்கள். குடோனுக்குள் ஓடும் ரீச் டிரக், பேலட் டிரக் மாதிரி வண்டிகளில் இருக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) சக்கரம் தனிக் கதை.

காற்றை இறக்காமல் நட்டில் கை வைப்பது

கார் டயரில் 30, 35 பவுண்டு காற்று. ஃபோர்க்லிஃப்ட் காத்து டயரில் 100 பவுண்டுக்கு மேல் நிற்கும். இரண்டு பாதியாக வரும் டிஸ்கில் நட்டு இரண்டு வரிசை: ஒன்று சக்கரத்தை ஹப்போடு பிடிக்கும், மற்றது இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும். காற்றோடு இந்த இரண்டாவது வரிசையைத் தளர்த்தினால் டிஸ்க் குண்டு மாதிரி பறக்கும். வால்வுக்குள் இருக்கும் ஊசியையே (கோர்) கழற்றி எடுத்து, கம்பியை விட்டுப் பார்த்து, காற்று சுத்தமாக இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்பேனர். திருப்பி மாட்டிக் காற்றடிக்கும்போதும் சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்துதான் அடிக்க வேண்டும். லாக் ரிங்குக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள்.

முன் டயர் ஒன்றை மட்டும் மாற்றுவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும் விஷயம்.

லாரிக்கும் காருக்கும் ஸ்பிரிங் உண்டு. இரண்டு டயரின் உயரத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் அது சமாளித்துக்கொள்ளும். ஃபோர்க்லிஃப்டில் முன் ஆக்சிலைச் சேசிஸோடு நேராக முறுக்கியிருக்கிறார்கள். நடுவில் ஸ்பிரிங் கிடையாது. ஃபோர்க்கை, அதாவது சரக்கைத் தாங்கும் இரும்புக் கைகளை, மேலே ஏற்றி இறக்கும் தூண்தான் மாஸ்ட். அது அந்த ஆக்சிலை ஒட்டித்தான் நிற்கிறது. அதனால் முன் டயர் இரண்டும்தான் மாஸ்டுக்குத் தரை. ஒரு பக்கம் உயர்ந்தால் மாஸ்ட் மறுபக்கம் சாயும்.

எங்கள் மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த வாரம். செங்குன்றம் பக்கம் ஒரு டைல்ஸ் குடோனிலிருந்து 2 டன் வண்டியின் முன்சக்கரம் ஒன்று வந்தது, 7.00-12 சாலிட். முதலாளி ஒன்று போதும் என்றார். நானும் ஒன்றையே ஏற்றிக் கொடுத்து, போய் மாட்டியும் விட்டு வந்தேன். தரையில் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. புது டயருக்கும் பழைய டயருக்கும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஆக்சில் வரை, ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். இரண்டு டயருக்கும் நடுவே ஏறக்குறைய 1 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சாய்வு என்றால், நாலரை மீட்டர் உயரத்தில் ஃபோர்க் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கும். ரேக்கில் இரண்டு பேலட்டுக்கு (சரக்கு அடுக்கும் தட்டு) நடுவே விட்டிருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மேல்தட்டில் வைக்கப்போன பேலட் ரேக் தூணில் மாட்டியது. டிரைவர் பின்னால் எடுக்க, பேலட் திரும்பிச் சரிந்து, டைல்ஸ் பெட்டிகள் மேலேயிருந்து கொட்டின. தலைக்கு மேல் இரும்புக் கூரை (கார்டு) இருந்ததால் டிரைவருக்குத் தோளில் சிராய்ப்போடு போயிற்று. தூண் வளைந்து அந்த வரிசை ரேக் முழுவதையும் இறக்க வேண்டி வந்தது. அந்த டயருக்கான பில் எங்களுக்கு வரவே இல்லை. ஊரிலிருந்து வந்த மேஸ்திரி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டேப்பைக் கையில் கொடுத்து, "இனிமே இது இல்லாம வண்டிக்கிட்ட போகாதே" என்றார்.

டேப்பை வைத்துச் செய்ய வேண்டியது சின்ன வேலை. இரண்டு முன் டயரின் சுற்றளவையும் அளந்து பாருங்கள். சுற்றளவில் 6 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் உயரத்தில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். சாய்வோடு இன்னொரு தொல்லையும் உண்டு: சின்ன டயர் அதிகம் சுற்ற வேண்டியிருப்பதால், நேரே போகும்போதுகூட இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியலுக்கு ஓய்வு இருக்காது.

பின் டயரில் இந்த அளவு பயம் இல்லை. பின் ஆக்சில் நடுவில் ஒரு பின்னில் ஆடும். ஒரு பக்கம் மேடு பள்ளம் இருந்தாலும் வண்டி சாயாது. ஸ்டீயரிங் ஒழுங்காக இருக்க அதையும் ஜோடியாகவே போடுங்கள் என்பேன், ஆனால் சண்டை போட மாட்டேன். முன் டயருக்குச் சண்டை போடுவேன்.

"நல்லா இருக்கிற டயரைத் தூக்கிப் போடச் சொல்றீங்களே" என்று முதலாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தூக்கிப் போட வேண்டாம். கழற்றிய டயரில் சாக்பீஸால் சுற்றளவை எழுதி ஒரு மூலையில் சாய்த்து வைத்தால், அதே தேய்மானத்தில் இன்னொன்று வந்து சேரும். எங்கள் ஷெட்டில் அப்படி ஜோடி சேர்ந்து போனவை நிறைய. மாதவரம் பையன்களுக்கும் ஒரு பழைய டயர்தான் கொடுத்தேன், அவர்களுடைய வலது டயரோடு ஒத்துப்போனது. அளந்து பார்த்துத்தான்.

பிரஸ்ஸில் ஏற்றும்போது கிரீஸ் தடவுவது

டயர் சுலபமாக இறங்கும். அப்புறம் சுலபமாக வழுக்கவும் வழுக்கும்: லோடோடு பிரேக் பிடித்தால் டிஸ்க் நிற்கும், டயர் சுற்றும். எண்ணெயும் கிரீஸும் ரப்பருக்கும் ஆகாது. சோப்புத் தண்ணீர் அல்லது டயர் பேஸ்ட் போதும். சந்தேகம் இருந்தால் டயரிலிருந்து டிஸ்க் வரை நேராக ஒரு பெயின்ட் கோடு போட்டு அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடு உடைந்திருந்தால் டயர் வழுக்குகிறது.

பேண்ட் டயரைக் கேஸ் வைத்து அறுப்பது

இரும்பு வளையத்தை அறுக்கும்போது சக்கரமும் சூடேறும், சில சமயம் வெட்டும் விழும். அப்புறம் புது டயர் பிடிக்காது. அறுக்கவே தேவையில்லை. புதுசைப் பழையதின் மேல் நேராக வைத்து அழுத்தினால், புதுசு ஏற ஏறப் பழசு கீழே விழும். நேராக வைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

பி.யூ. சக்கரம்

பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

வண்டியை இன்னொரு ஃபோர்க்லிஃப்டால் தூக்குவது

வேண்டாம்.

வெள்ளை டயரைக் கேட்டவுடன் போட்டுக் கொடுப்பது

தரையில் கருப்புத் தடம் விழக் கூடாது என்று மருந்து, உணவு குடோன்களில் வெள்ளை டயர் கேட்பார்கள். ரப்பருக்குக் கருப்பும் உறுதியும் கொடுக்கும் கார்பன் பிளாக் அதில் இல்லை. அதனால் சீக்கிரம் தேயும். கருப்பு டயர் வழியாகத் தரைக்கு இறங்கும் ஸ்டேட்டிக் மின்சாரம் இதில் இறங்கவும் இறங்காது. ஒரு ஏசி குடோனில் வண்டியைத் தொட்டாலே சுளீர் என்று அடிக்கிறது, பேட்டரி லீக் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு நாள் முழுக்க வயரைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். நான் போனபோது வண்டிக்கு அடியில், தரையில் உரசிக்கொண்டு தொங்க வேண்டிய எர்த் பட்டை அறுந்து போயிருந்தது. புதுப் பட்டை மாட்டப் பத்து நிமிஷம்.