பாயின்க் இயங்கும்போது நினைவகத்தையும் செயலியையும் கட்டுக்குள் வைப்பது

தன்னார்வக் கணிப்புக்கான, அதாவது நம் கணினியின் உபரித் திறனை அறிவியல் ஆய்வுத் திட்டங்களுக்குக் கொடுப்பதற்கான, பாயின்க் (BOINC) மென்பொருள் மிகக் குறைந்த முன்னுரிமையில் இயங்குவதால், செயலியை முழுவதும் எடுத்துக்கொண்டாலும் பிற வேலைகளுக்கு வழிவிட்டுவிடும். உண்மையில் கணினியைத் திணறவைப்பது பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறைதான்.

ஒவ்வொரு பணியும் தனக்கென நினைவகம் கேட்கும். 8 ஜிபி நினைவகமும் 8 கருவகங்களும் (core, செயலிக்குள் உள்ள தனித்தனிக் கணிப்பு அலகுகள்) உள்ள கணினியில், ஒன்றரை ஜிபி கேட்கும் பணிகள் எட்டு ஒரே நேரத்தில் ஓட இடமில்லை. அத்தகைய நிலையில் சில பணிகள் நினைவகத்துக்காகக் காத்திருப்பதாகப் பட்டியலில் தெரிந்தால், கணிப்பு அமைப்புகளில் பயன்படுத்தும் செயலிகளின் விழுக்காட்டை 50 ஆகக் குறையுங்கள். ஒரு திட்டத்தை மட்டும் கட்டுப்படுத்த வேண்டுமெனில், அதன் கோப்புறையில் ஆப்_கான்ஃபிக் (app_config.xml) என்ற அமைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கி, உடன் இயங்கும் பணிகளின் உச்ச எண்ணிக்கையைக் குறிப்பிடலாம்.

செயலி நேர விழுக்காடு என்பது வேறு அமைப்பு. அது பணிகளை விட்டுவிட்டு நிறுத்தி ஓட்டுவதால் வெப்பநிலை ஏறி இறங்கும். ஆகவே மடிக்கணினியின் சூட்டைத் தணிக்க, கருவகங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதையே நான் விரும்புவேன்.

இடைநிறுத்திய பணிகளை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தெரிவை இயக்கினால், கடைசிச் சேமிப்புப் புள்ளிக்குப் பின் நடந்த கணிப்பு வீணாகாது. ஆனால் அந்த இடம் அடைபட்டே இருக்கும் என்பதால், நினைவகம் தாராளமாக உள்ளவர்களுக்கே அது பொருந்தும். கணினியைப் பயன்படுத்தும்போதும் பயன்படுத்தாதபோதும் தனித்தனி நினைவக வரம்புகள் வைக்கலாம். மாற்றியபின் ஓரிரு நாள் கவனித்துவிட்டு, அடுத்த அமைப்பைத் தொடுங்கள்.